பாவசங்கீர்த்தனம் செஞ்சாச்சு, பிறகும் ஏன் மனசு ஆறேல்ல?

தம்பி, நீங்க எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். மற்ற ஆக்களுக்கும் விளங்கவேணும் எண்டதால உங்கட கதையைச் சுருக்கமா சொல்லிப்போட்டுத் தொடங்குறன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005-ல, உங்கட கரையில நிவாரணப் பட்டியல் எழுதின ஆக்கள்ல நீங்களும் ஒருத்தர். புருஷனைக் கடலுக்குக் குடுத்துட்டு ரெண்டு பிள்ளைகளோட நிண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கு வரவேண்டிய வள்ள எஞ்சினை உங்கட மச்சான்ட பேருக்கு மாத்தி எழுதிட்டீங்க. அந்த அக்காவுக்கு இண்டைக்கு வரைக்கும் அது தெரியாது. ரெண்டு தரம் பாவசங்கீர்த்தனம் செஞ்சீங்க, அதாவது கோயில் சாமியாரிட்டப் போய்ப் பாவத்தைச் சொன்னீங்க, அவர் பாவப்பொறுத்தல் குடுத்தார், ஆனா மனசு ஆறேல்ல. சபைக்குப் போற கூட்டாளி "குழந்தையில எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, வந்து முழுகி எடு, எல்லாம் போயிடும்" எண்டுறார். வேலையில இருக்கிற சைவக்காரப் பெடியன் பகிடிக்கு "கோணேசர் கோயில் பாவநாசத் தீர்த்தத்தில ஒருக்கா முழுகிட்டு வா மச்சான்" எண்டிருக்கான். நீங்க கேக்கிறது, கடவுள் உண்மையில மன்னிச்சிட்டாரா, மன்னிச்சா ஏன் எனக்கு மறக்குதில்ல எண்டு.

நான் சாமியாரும் இல்ல பாஸ்டரும் இல்ல. 28 வருஷம் ஞாயிற்றுக்கிழமைகள்ல பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிச்சவ, அவ்வளவுதான். அப்பா திருகோணமலை பாலையூற்றுக் கத்தோலிக்கர், அம்மா மெதடிஸ்ட். ராத்திரி செபத்தில "எங்கள் பிதாவே" எண்டு ரெண்டு பேரும் ஒண்டாத்தான் தொடங்குவினம், நடுவில ஒரு இடத்தில குரல் ரெண்டும் நல்லா முட்டுப்படும். அப்பா "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" எண்டுவார், அதே நேரம் அம்மா "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" எண்டுவா. சின்னப் பிள்ளையில எனக்கு அதில சிரிப்பு வரும், ஆர் பிழையா சொல்லுறினம் எண்டு நினைப்பன். வயசு போகப் போகத்தான் விளங்கினது ரெண்டு பேரும் சரியாத்தான் சொன்னவை எண்டு.

அம்மா சொன்ன "கடன்" மத்தேயு 6-ம் அதிகாரத்தில உள்ள சொல். இயேசு பேசின அரமேய பாஷையில கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான், "ஹோபா" எண்டு. அதால அங்க பாவம் எண்டா உடம்பில ஒட்டின அழுக்கு மட்டுமில்ல, இன்னொருத்தருக்குக் குடுக்கவேண்டியதைக் குடுக்காம வச்சிருக்கிற ஒண்டு. அப்பா சொன்ன "பொறுத்தல்" இன்னும் ஆழம் எண்டு நான் நினைக்கிறன். தமிழ்ல பொறுக்கிறது எண்டா மன்னிக்கிறது, அதே நேரம் சுமக்கிறது. பொறுப்பு, பொறுமை, "இந்தப் பலகை இவ்வளவு பாரம் பொறுக்குமா" எண்டு கேக்கிறம்தானே, எல்லாம் ஒரே வேர். எபிரேயத்திலயும் அப்பிடியே ஒரு சொல் இருக்கு, "நாசா" எண்டு, ராக்கெட் விடுற நாசா இல்ல. மூட்டை தூக்கிறதுக்கும் அதுதான், பாவத்தை மன்னிக்கிறதுக்கும் அதுதான். காயீன் தம்பியைக் கொன்டுபோட்டுக் கடவுளிட்ட சொல்லுற ஒரு வசனத்தை "என்ட தண்டனை தாங்க ஏலாதது" எண்டும் மொழிபெயர்க்கலாம், "என்ட குற்றம் மன்னிக்க ஏலாத அளவு பெரிசு" எண்டும் மொழிபெயர்க்கலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ரெண்டாவதைத்தான் எடுத்தது, எங்கட பழைய தமிழ் வேதாகமம் முதலாவதை. அந்தச் சொல்லாலயும் வந்த தடுமாற்றம்தான்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறன் எண்டா, எங்கட ஆக்கள்ல நிறையப் பேர் மன்னிப்பு எண்டதை ரப்பரால அழிக்கிற மாதிரி நினைச்சுக்கொண்டு இருக்கினம். அழிச்சா ஒண்டும் இருக்காது, சுத்தம். கிறிஸ்தவத்தில அப்பிடி ஒரு கதை இல்ல தம்பி. பாரம் காத்தில கரையாது, ஆரோ ஒருத்தர்ட தோளுக்கு மாறுது.

அப்பா திருக்கடலூர்ல ஒரு சின்னப் பலசரக்குக் கடை வச்சிருந்தவர், எழுபதுகள்ல. கடலுக்குப் போற ஆக்கள் எல்லாருக்கும் கடன் கொப்பி இருந்தது, நீள வாட்டில மடிச்ச ஒற்றைக்கோட்டுக் கொப்பி, எண்ணெய்க் கையால பிரட்டிப் பிரட்டி ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். ஒருத்தர் வாடைக் காத்து நேரம் தொழில் இல்லாம இருந்தவர், மனிசிக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சவர், அவர்ட பக்கம் நிரம்பி அடுத்த பக்கமும் போயிட்டுது. ஒருநாள் அப்பா அந்த ரெண்டு பக்கத்திலயும் குறுக்கால கோடு போட்டார். நான் பக்கத்தில அரிசி அளக்கிற கொத்தோட நிண்டனான். கோடு போட்டுட்டுக் கொப்பியை மூடேல்ல, கடைசிப் பக்கத்தைத் திறந்து, தன்ட பேரை எழுதி, அதே தொகையைத் தன்ட கணக்கில போட்டார். ஏனப்பா எண்டு கேட்டன். "மொத்தக்கடைக்காரன் எனக்குக் கோடு போடமாட்டான் பிள்ள, அரிசிக் காசு ஆராவது கட்டத்தானே வேணும்" எண்டார். அந்த வருஷம் நத்தாருக்கு எங்களுக்குப் புதுச் சட்டை இல்ல. அம்மா முணுமுணுத்தவ, ஒண்டும் சொல்லாம விடேல்ல. பாவப்பொறுத்தல் எண்டா என்ன எண்டு பிறகு எத்தனையோ புத்தகத்தில வாசிச்சன், அந்தக் கொப்பியில படிச்ச அளவு ஒண்டிலயும் படிக்கேல்ல.

பழைய ஏற்பாட்டில லேவியராகமம் 16-ல பாவநிவாரண நாள் எண்டு ஒண்டு வருது, வருஷத்தில ஒருக்கா, ஏழாம் மாசம் பத்தாம் நாள். ரெண்டு வெள்ளாட்டுக் கடா கொண்டுவருவினம். ஒண்டைப் பலியிட்டு இரத்தத்தை மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள கொண்டுபோறது. மற்றதுதான் விசேஷம், பிரதான ஆசாரியன் அதுன்ட தலையில ரெண்டு கையையும் வச்சு, சனத்தின்ட அக்கிரமம் எல்லாத்தையும் வாயால சொல்லி, ஆட்டில சுமத்தி, ஒரு ஆளின்ட கையில குடுத்து வனாந்தரத்துக்கு விட்டிடுறது. தமிழ் வேதாகமத்தில அதுக்கு "போக்காடு" எண்டு பேர். மொழிபெயர்த்த ஆளுக்கு ஒரு கும்பிடு போடலாம், என்ன மாதிரிச் சொல். ஒரு கை இல்ல, ரெண்டு கை, "பொதுவா நாங்க பாவிகள்" எண்டு இல்ல, வாய் திறந்து சொல்லிச் சுமத்தவேணும். இதைக் கவனிச்சு வையுங்க, உங்களுக்கு இதில ஒரு வேலை இருக்கு, பிறகு வாறன்.

யோவான் ஸ்நானகன் இயேசுவைக் காட்டி "இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி" எண்டுறார். அம்மாட பைபிள்ல அப்பிடி. நாங்க பூசையில "உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே" எண்டு சொல்லுறம். கிரேக்க மூலத்தில உள்ள சொல்லுக்குத் தூக்கிறது எண்டும் அர்த்தம், எடுத்துக்கொண்டு போறது எண்டும் அர்த்தம், ஒரு பக்கம் போக்கிறதை எடுத்தது, மற்றப் பக்கம் சுமக்கிறதையும் சேர்த்து எடுத்தது. சுமக்காமப் போக்க ஏலாது எண்டதுதான் சிலுவை பற்றின முழு விசுவாசமும். அது எப்பிடி வேலை செய்யுது, கடவுளுக்கு நட்டஈடு கட்டினதா, எங்கட தண்டனையைத் தன்ட மேல எடுத்ததா, சாவை வென்றதா எண்டு 2,000 வருஷமா இறையியல் ஆக்கள் அடிபடுகினம். நைசீன் விசுவாசப் பிரமாணம்கூட "எங்களுக்காக" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு நிக்குது, எப்பிடி எண்டு விளக்கேல்ல. நானும் நிக்கிறன்.

இப்ப மறக்கிற விஷயம். எரேமியா 31-ல கடவுள் அவையின்ட பாவத்தை இனி நினைக்கமாட்டன் எண்டுறார், மீகா 7-ல பாவங்களைக் கடலின்ட ஆழத்தில போடுவார் எண்டு இருக்கு. திருகோணமலையில இருக்கிறவனுக்கு இந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்ல, சுவாமி மலையில நிண்டு கீழ பார்த்தாக் காணும். ஆனா கடல் எடுத்ததைத் திருப்பித் தராது எண்டு நாங்க 2004-க்கு முதல் நினைச்சிருந்தம், பிறகு அப்பிடி நினைக்கிறது கஷ்டம், அது வேற கதை. வேதாகமத்தில நினைக்கிறது எண்டா மண்டைக்குள்ள நடக்கிற ஒண்டு இல்ல. "கடவுள் நோவாவை நினைத்தருளினார்" எண்டா அதுக்கு முதல் நோவாவை மறந்திருந்தார் எண்டு இல்ல, நோவாவுக்காக ஒண்டு செய்யத் தொடங்கினார் எண்டு அர்த்தம். அப்ப நினைக்கமாட்டன் எண்டா, அதை உனக்கு எதிரா எடுக்கமாட்டன், அதை வச்சு உன்னோட நடக்கமாட்டன் எண்டு. கடவுளுக்கு ஞாபகமறதி வருத்தம் எண்டு ஒருத்தரும் படிப்பிக்கேல்ல.

இதுக்கு நல்ல சாட்சி இயேசுவின்ட சீஷன் பேதுரு. யோவான் 18-ல, ஆசாரியன்ட முற்றத்தில குளிருக்குக் கரிநெருப்பு மூட்டிக் குளிர் காயுற இடத்தில நிண்டுதான் அந்த மனுஷன் "நான் அவர்ட சீஷன் இல்ல" எண்டு சொல்லுறார். 21-ல, உயிர்த்த பிறகு, கடற்கரை, விடியக்காலமை, ராத்திரி முழுக்க வலை இழுத்தும் ஒண்டும் படாம வந்தவை, பிறகு 153 மீன், கரையில இயேசு கரிநெருப்புப் போட்டு மீன் வச்சிருக்கிறார். கரிநெருப்புக்கு அங்க வாற அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுக்க இந்த ரெண்டு இடத்திலதான் வருது. அந்த மணத்தோட பேதுருவை இருத்தி, மூண்டு தரம் மறுதலிச்சவனிட்ட மூண்டு தரம் "என்னை நேசிக்கிறியா" எண்டு கேக்கிறார். மூண்டாம் தரம் பேதுருவுக்குத் துக்கம் வந்திட்டுது எண்டு எழுதியிருக்கு. மறந்த ஆள் இப்பிடிக் கேக்காது. எங்கட கரையில விடியப்புறம் கரிநெருப்பில சுட்ட சூடை மீன் மணம் தெரிஞ்ச ஆருக்கும் விளங்கும், மணம் எண்டது ஆளை எந்த இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போகும். இயேசு அந்தக் காயத்தை மூடிக்கொண்டு போகேல்ல, திறந்துதான் ஆத்தினவர். பிறகு "என் ஆடுகளை மேய்" எண்டு வேலையும் குடுத்தவர். பேதுரு மறுதலிச்சதை நாலு சுவிசேஷத்திலயும் எழுதி வச்சிருக்கு, ஒருத்தரும் அழிக்கேல்ல.

அதால நீங்க மறக்காம இருக்கிறது மன்னிப்புக் கிடைக்கேல்ல எண்டதுக்கு அடையாளம் இல்ல தம்பி.

கூட்டாளி சொன்ன ஞானஸ்நானத்துக்கு வாறன். கத்தோலிக்கரும் மெதடிஸ்டும் அங்கிலிக்கனும் இதில ஒரே பக்கம், பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானம் ஒண்டே எண்டு 381-ல கொன்ஸ்தாந்திநோப்பிளில உறுதியான விசுவாசப் பிரமாணத்தில இருக்கு, ரெண்டாம் தரம் குடுக்கிற பழக்கம் எங்களிட்ட இல்ல. சபை ஆக்கள் தாங்கள் ரெண்டாம் தரம் குடுக்கேல்ல, குழந்தைக்குத் தண்ணி ஊத்தினது ஞானஸ்நானமே இல்ல எண்டுதான் வாதாடுவினம், தன்ட அறிவில விசுவாசிச்சுத்தான் எடுக்கவேணும் எண்டு. அதுக்கு அவையிட்டயும் நியாயம் இருக்கு, உள்ளத்தால நம்பி எடுக்கிற ஆளை நான் பகிடி பண்ணமாட்டன். ஆனா உங்கட விஷயத்தில அது ஒரு ஓட்டம் எண்டுதான் எனக்குப் படுது. நிலாவெளிக் கடல்ல முழுகினாலும் எழும்பி வரேக்க அந்த எஞ்சின் உங்கட மச்சான்ட பேரிலதான் இருக்கும். பாவநாசப் பகிடிக்கும் அதே பதில்தான். எங்கட பக்கத்து வீட்டு சைவ ஐயா ஒருத்தர் சொல்லுவார், களவெடுத்த சாமானைக் கையில வச்சுக்கொண்டு தீர்த்தம் ஆடினா சாமானும் சேர்ந்துதான் நனையும் எண்டு. அவர்ட சமயத்துப் பெரியாக்களும் இதை லேசா விடேல்ல, அதால அந்தப் பெடியன்ட பகிடியை அவன்ட சமயம் எண்டு எடுக்கவேண்டாம்.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு செய்யிற பாவத்தை என்ன செய்யிறது எண்டு ஆதித் திருச்சபை சரியாத் திண்டாடினது. கொன்ஸ்தந்தீன் பேரரசன் 337-ல மரணப் படுக்கையிலதான் ஞானஸ்நானம் எடுத்தான், எல்லாத்தையும் கடைசியில ஒண்டாக் கழுவலாம் எண்ட கணக்கு அந்தக் காலத்தில நிறையப் பேருக்கு இருந்தது. உங்களுக்கு நான் சொல்ல நினைச்சது இன்னும் கொஞ்சம் முந்தின ஒரு சம்பவம். 250-ல டேசியுஸ் எண்ட ரோமப் பேரரசன் எல்லாரும் தேவர்களுக்குப் பலி குடுத்து, குடுத்ததுக்கு அத்தாட்சிப் பத்திரம் வச்சிருக்கவேணும் எண்டு சட்டம் போட்டான். சில கிறிஸ்தவர்கள் செத்தாங்கள், சிலர் பயத்தில பலி குடுத்தாங்கள், இன்னும் சிலர் பலி குடுக்காம, அதிகாரிக்குக் காசு குடுத்துப் பொய்ப் பத்திரம் மட்டும் எடுத்தாங்கள். பிரச்சினை முடிஞ்ச பிறகு அவங்களும் கோயில் வாசல்ல வந்து நிண்டாங்கள். நொவாசியன் எண்டவர் இவங்களுக்கு மன்னிப்பே இல்ல எண்டு பிரிஞ்சு போனார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் இல்ல, சேர்க்கலாம், ஆனா சும்மா சேர்க்க ஏலாது, செஞ்சதுக்கு ஏத்த மாதிரி தபசு, அதாவது மனம் வருந்திப் பரிகாரம், செய்யவேணும் எண்டார். திருச்சபை சிப்ரியான்ட பக்கம் நிண்டது. பொய்யா எழுதின ஒரு துண்டுக் கடதாசி மனுஷனை எந்த அளவு வதைக்கும் எண்டு 1,700 வருஷத்துக்கு முதலே தெரிஞ்சிருக்கு, நீங்க முதல் ஆள் இல்ல.

அப்ப எல்லாம் ஊருக்கு முன்னால தபசு செய்யவேணும். 390-ல தெசலோனிக்காவில சனத்தைக் கொல்லச் சொன்ன தெயோதோசியுஸ் பேரரசனையே மிலான் ஆயர் அம்புரோசியார் பகிரங்கமா தபசு செய்யவச்சவர். தனியா ஒரு குருவிட்ட மெதுவாச் சொல்லுற வழக்கம் பிறகு ஐரிஷ் துறவிகளாலதான் பரவினது, 1215-ல நாலாம் லாத்தரன் சங்கம் வருஷத்துக்கு ஒருக்காவாவது சொல்லவேணும் எண்டு சட்டமாக்கினது. 1517-ல மார்ட்டின் லூதர் எழும்பினது பாவத்துக்கான தண்டனையைக் காசுக்குக் கழிக்கிற பலன் வியாபாரத்துக்கு எதிரா. அவர்ட 95 கருத்தில முதலாவதே, விசுவாசியின்ட சீவியம் முழுக்க மனந்திரும்புதலா இருக்கவேணும் எண்டதுதான். அம்மாட பக்கத்து ஆக்கள் குருவிட்ட போறேல்ல, நேர கடவுளிட்ட அறிக்கை செய்யிறவை. அப்பா அம்மா ரெண்டு பேரையும் பார்த்து வளர்ந்ததால எந்த வழி லேசு எண்டு நான் சொல்லமாட்டன், அம்மா ஒரு பக்கத்து வீட்டுச் சண்டைக்காக ஒரு கிழமை சாப்பிடாம இருந்ததையும் பார்த்திருக்கிறன்.

குரு இல்லாட்டி மன்னிப்பு இல்லையா எண்டு ஆரும் கேட்டா, எங்கட நாட்டிலயே பதில் இருக்கு. 1658-ல டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு குருமாரைத் துரத்தின பிறகு, 1687-ல ஜோசப் வாஸ் அடிகளார் கோவாவில இருந்து பிச்சைக்காரன் மாதிரி வேஷம் போட்டு வரும்வரைக்கும், ஏறக்குறைய 30 வருஷம் சனம் பாவசங்கீர்த்தனம் இல்லாம இருந்தது. அந்த 30 வருஷத்தில செத்ததுகள் எல்லாம் நரகத்துக்கா? இல்ல. உத்தம மனஸ்தாபம் எண்டு ஒண்டு இருக்கு, நரகத்துக்குப் பயந்து இல்லாம கடவுளை நோகடிச்சிட்டனே எண்ட அன்பால வாற துக்கம். வழி கிடைச்சதும் குருவிட்ட சொல்லுவன் எண்ட எண்ணத்தோட அந்தத் துக்கம் இருந்தா, அந்த இடத்திலயே பாவம் பொறுக்கப்படும் எண்டுதான் திருச்சபை படிப்பிக்குது.

சரி, இப்ப உங்கட மனசு ஆறாத விஷயம். ஒண்டு கேக்கிறன், கோவிக்கவேண்டாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில, சாமியாரிட்டப் பாவம் சொல்லுற அந்த இடத்தில, முழங்கால்ல நிண்டு என்ன சொன்னீங்க? நீங்க எழுதினதில இருக்கு, "சாமி, நிவாரண வேலையில ஒரு பிழை விட்டுட்டன்" எண்டு. சாமியாருக்கு அதில என்ன விளங்கும்? கணக்குப் பிழைச்சுப் போச்சு எண்டு நினைச்சிருப்பார், பரிகாரமா செபமாலை சொல்லச் சொல்லி அபராதம் தந்து அனுப்பிட்டார், அவரில குற்றமில்ல. போக்காட்டின்ட தலையில நீங்க ஒரு கையை, அதுவும் விரல் நுனியைத்தான் வச்சீங்க. அது பிழை இல்ல தம்பி, களவு. ஒரு விதவையின்ட எஞ்சின். அந்தச் சொல்லை வாயால சொன்னா அரைப் பாரம் அந்த இடத்தில இறங்கும், சொல்லிப் பாருங்க.

முந்தி ஞானோபதேசத்தில நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐஞ்சு காரியம் எண்டு பாடமாக்க விடுவம். பாவங்களை நினைச்சுப் பார்க்கிறது, துக்கப்படுறது, இனிச் செய்யமாட்டன் எண்டு தீர்மானிக்கிறது, குருவிட்ட சொல்லுறது, அபராதம் தீர்க்கிறது. பிள்ளைகள் முதல் நாலையும் கடகடவெண்டு சொல்லுங்கள், ஐஞ்சாவதில நிண்டிடுங்கள். பெரியாக்களும் அங்கதான் நிண்டிடுறம். 1992-ல வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலின்ட 1459-ம் இலக்கம் நேரடியாச் சொல்லுது, பாவப்பொறுத்தல் பாவத்தை எடுக்கும், ஆனா பாவத்தால உண்டான சீர்கேடு எல்லாத்தையும் அது சரியாக்கிடாது, களவெடுத்ததைத் திருப்பிக் குடுக்கவேணும், கெடுத்த பேரைத் திருப்பிக் கட்டவேணும் எண்டு. இயேசுவைப் பார்க்க மரத்தில ஏறின வரிகாரன் சக்கேயு, இறங்கின உடனே ஆரும் கேக்காமலே, அநியாயமா எடுத்ததை நாலு மடங்காத் தருவன் எண்டவன். அதுக்குப் பிறகுதான் இயேசு "இன்று இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" எண்டுறார். அவன் குடுத்து மன்னிப்பை வாங்கினான் எண்டு நான் சொல்லேல்ல, அப்பிடிச் சொன்னா அம்மா குழியில இருந்து எழும்பி வருவா. இயேசு தானாவே அவன்ட வீட்டுக்கு வாறன் எண்டு சொன்ன பிறகுதான் அவன்ட கை திறந்தது.

உங்கட மனசு ஆறாததை நான் பார்க்கிறது இப்பிடித்தான். கடவுள் பக்கத்தில ஒண்டும் குறையேல்ல, எஞ்சின் இன்னும் குடுபடேல்ல. சில ஆக்களுக்கு மனச்சாட்சி வருத்தமா வரும், சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லும், லூதரே துறவியா இருக்கேக்க மணிக்கணக்கா பாவசங்கீர்த்தனம் செஞ்சு பாதரைக் களைக்கப் பண்ணினவர், அந்த ஆக்களுக்கு நான் "போதும், இனிச் சொல்லாத" எண்டுதான் சொல்லுவன். உங்களுக்கு அப்பிடிச் சொல்லமாட்டன். உங்கட மனச்சாட்சி நல்ல சுகமா இருக்கு, அதுதான் கத்துது.

எப்பிடிக் குடுக்கிறது எண்டா, திருச்சபையின்ட பழைய ஒழுக்கப் படிப்பினையில இதுக்கு வழி இருக்கு. உங்களை நீங்களே ஊருக்குக் காட்டிக் குடுக்கவேணும் எண்டு கட்டாயம் இல்ல, ரகசியமாவும் திருப்பிக் குடுக்கலாம். உரியவர் செத்திருந்தா பிள்ளைகளுக்கு, ஆருமே இல்லாட்டித்தான் ஏழைகளுக்கு. அந்த அக்கா உயிரோட இருக்கேக்க கோயில் பெட்டியில போட்டா அது தப்பிறது. குருவிட்டக் குடுத்து "இது உங்களுக்குச் சேரவேண்டியது" எண்டு மட்டும் சொல்லிச் சேர்ப்பிக்கலாம். பாவசங்கீர்த்தனத்தில கேட்டதை அவர் செத்தாலும் வெளியில விடமாட்டார், விட்டா அவரே திருச்சபைக்கு வெளியில. எவ்வளவு எண்டா, அண்டைக்கு எஞ்சின் வித்த விலை இல்ல, இண்டைக்கு அதே மாதிரி ஒண்டு வாங்க என்ன வேணுமோ அது, அதோட அது இல்லாம அவ இழந்த வருஷங்கள்ல ஏலுமானது. ஒரேயடியா ஏலாட்டி மாசம் மாசம். மச்சானையும் கூப்பிட்டுக் கதைக்கவேணும், அவர் தெரிஞ்சு எடுத்தவர் எண்டா அரைவாசி அவர்ட தலையில.

ஆனா எனக்கு ரகசிய வழியை விட நேர போறதுதான் பிடிக்கும். மத்தேயு 5-ல காணிக்கையை பலிபீடத்துக்கு முன்னால அப்பிடியே வச்சிட்டு, முதல்ல போய் சகோதரனோட ஒப்புரவாகு எண்டு இருக்கு. காசை ரகசியமாக் குடுத்தா கடன் தீரும். ஆனா அந்த அக்கா இத்தனை வருஷமா என்ன நினைச்சிருப்பா? தனக்கு அதிர்ஷ்டம் இல்ல, தன்ட பேர் தவறிட்டுது, எழுதப் படிக்கத் தெரியாததாலதான் போச்சு எண்டு தன்னையே நொந்திருப்பா. அதை ஒரு காசுக் கவரால எடுக்க ஏலாது, உண்மையால மட்டும்தான் எடுக்கலாம். பத்தாயிரம் தாலந்து கடன்காரன்ட உவமை தெரியும்தானே. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரி, ஒரு தெனாரி ஒரு நாள் கூலி, அப்ப அவன்ட கடன் 6 கோடி நாள் கூலி, வருஷத்துக்கு 300 நாள் வேலை செஞ்சாலும் 2 லட்சம் வருஷம். அவ்வளவையும் ராசா கோடு போட்டு விட்ட பிறகு அவன் வெளிய வந்து 100 தெனாரிக்குக் கூட்டாளியின்ட கழுத்தைப் பிடிச்சான். நீங்க ஆரின்ட கழுத்தையும் பிடிக்கேல்ல, ஆனா மன்னிப்பு வாங்கிக்கொண்டு வெளிய வந்து அந்த அக்காட வீட்டைக் கண்டதும் மற்ற ஒழுங்கையால போறீங்க. அதையும் நீங்கதான் எழுதியிருக்கிறீங்க.

அவ மன்னிப்பா எண்டு நினைச்சுப் போகவேண்டாம். மன்னிக்கச் சொல்லிக் கேக்கவும் வேண்டாம், அழுது அவவை உங்களை ஆறுதல் படுத்தவும் வைக்கவேண்டாம். கடவுள் மன்னிச்சிட்டார் எண்டு அவவிட்ட சொல்லவே வேண்டாம். எங்கட பக்கத்தில யுத்தத்தில பறிகொடுத்த தாய்மாரிட்ட "மன்னிச்சிடுங்கோ, மறந்திடுங்கோ" எண்டு வெள்ளை உடுப்புப் போட்ட ஆக்கள் லேசாச் சொன்னதை நான் கேட்டிருக்கிறன், அந்த நேரம் எனக்கு என்ட சமயத்திலயே கோவம் வந்தது. மன்னிக்கிறது எண்டா அவதான் சுமக்கவேணும். அது அவவின்ட தோள், எப்ப எண்டதை அவதான் முடிவெடுப்பா.

திருச்சபையே இதைப் படிக்க எவ்வளவு காலம் எடுத்தது. பாவநாசக் கதை வந்ததால சொல்லுறன், அந்தப் பழைய கோணேசர் கோயிலை 1620-கள்ல இடிச்சது ஞானஸ்நானம் எடுத்த, பாவசங்கீர்த்தனம் செஞ்ச போர்த்துக்கேயக் கத்தோலிக்கர். அந்தக் கல்லை வச்சுத்தான் கோட்டை கட்டினவங்கள், இண்டைக்கும் கோயிலுக்குப் போறதெண்டா அந்தக் கோட்டை வாசலுக்குள்ளாலதான் போகவேணும். 2000 மார்ச் 12-ல இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் திருச்சபையின்ட பிள்ளைகள் செஞ்ச பாவங்களுக்காக, மற்றச் சமயத்தாருக்குச் செஞ்சதுக்கும் சேர்த்து, உரோமையில பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார். கோணேசர் கோயிலின்ட பேர் சொல்லேல்ல. அந்தப் பூசையை டிவியில பார்க்கேக்க எனக்குக் கோட்டை வாசல்தான் கண்ணில நிண்டது.

தவக்காலத்துக்குக் காத்திருக்கவேண்டாம். அனேகமான கோயில்கள்ல சனிக்கிழமை பின்னேரம் சாமியார் தொட்டியில இருப்பார், சனம் குறைவு. இந்தத் தரம் "பிழை" எண்டு தொடங்காதீங்க. அக்காட பேரைச் சொல்லத் தேவையில்ல, அது வேற ஆளின்ட காரியம், ஆனா செஞ்சதை அப்பிடியே சொல்லுங்க, எஞ்சின், பட்டியல், மச்சான்ட பேர், கையெழுத்துக்குப் பதிலா அவ வச்ச பெருவிரல் அடையாளம். பிறகு என்ன வழியில குடுக்கிறது எண்டு அவரிட்டயே கேளுங்க. நேர போறதெண்டு முடிவெடுத்தா அக்கா தனிய இருக்கிற நேரமாப் பாத்துப் போங்க, பிள்ளைகளுக்கு முன்னால வேண்டாம், முதல் தவணைக் காசைக் கையோட கொண்டு போங்க.